பர்மா டேங்க்

பிணத்தை முதலில் பார்த்தது பூக்காரர். மறுநாள் திறப்பு விழாவுக்கு மாலை கட்ட அளவெடுக்க வந்தவர், பழைய ராணுவ டேங்கின் பக்கவாட்டுக் கதவுக்குள் தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டு பட்டறையே அதிரக் கத்தினார். உள்ளே பேராசிரியர் மாதேஷ் குப்புறக் கிடந்தார். பின்மண்டை நொறுங்கியிருந்தது. ரத்தம் இரும்புத் தரையில் ஓடி உறைந்திருந்தது.

மாலை நான்கு மணி. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் இருந்த அந்த லாரி பாடி கட்டும் பட்டறைக்குள் இன்ஸ்பெக்டர் தேவிப்ரியா நுழைந்தபோது, தொழிலாளர்கள் விசாரணையை முடித்துத் தண்டனையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். வெல்டர் செங்கோடனை ஒரு லாரியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு கண் திறக்கவே இல்லை.

"யார் அடிச்சது?"

அடிக்க அத்தனை கைகள் நீண்ட இடத்தில், ஒத்துக்கொள்ள ஒரு நாக்கு புரளவில்லை. தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவிழ்த்துவிடுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

செங்கோடனின் மனைவி ராசாத்தி ஓடிவந்து அவள் காலைப் பிடித்தாள். "அவரு இல்லீங்க சாமி. காலைல வாத்தியாரோட வாய்த்தகராறு ஆச்சு, நெசந்தானுங்க. அதுக்காகக் கொல்லுவாருங்களா? இப்பக் கொலகாரன்னு உள்ள தள்ளிப்புட்டா நானு எங்கீங்க போவேன்?"

தேவிப்ரியா வாக்குக் கொடுக்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் கிடந்த ரத்தக்கறைச் சுத்தியல் செங்கோடனுடையது.

விஷயம் இதுதான். அந்த டேங்க் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. பழைய இரும்பாக ஏலத்துக்கு வந்ததைப் பட்டறை முதலாளி அர்த்தநாரி வாங்கிவந்தார். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, முதலாளியான மனிதர். தன் தாத்தா பர்மாச் சண்டையில் ஓட்டிய டேங்க் இதுதான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். நாளை அதை முச்சந்தியில் நிறுத்திப் பெரிய விழா. போஸ்டரில் தாத்தா மீசை முறுக்கி டேங்க் மேல் நின்றார். டேங்கின் வரலாற்றை ஆராய்ந்து மேடையில் பேசத்தான் சேலத்திலிருந்து மாதேஷ் வந்திருந்தார்.

"மத்தியானம் இங்க யார் யார் இருந்தீங்க?"

"ஆளுங்க பூராவும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் கறிச்சோறு திங்கப் போயிட்டாங்க," என்றார் அர்த்தநாரி. "வாத்தியாரு, நானு, செங்கோடன், சேலத்து வளவன். அவ்வளவுதானுங்க."

"நீங்க?"

"ஆபீஸ் ரூமுல போன் பேசிட்டு இருந்தனுங்க. வாத்தியாரு டேங்குக்குள்ள ஏறுறதப் பாத்தேன். பொறகால செங்கோடன் சுத்தியலோட போனானுங்க."

தேவிப்ரியா டேங்கைச் சுற்றி வந்தாள். பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கம். மறுபக்கம் ஒரு கீறல் கிடையாது. கதவுக்கு நேர் கீழே மாதேஷின் ஷூக்கள் ஜோடியாக இருந்தன.

உள்ளே ஏறினாள். பூட்ஸுக்கடியில் நறநறத்தது. காலையில் செங்கோடன் காஸ் கட்டரால் பழைய கம்பிகளை அறுத்த பிசிறுகள் தரையெல்லாம் கிடந்தன. பிணத்தின் அருகில் மண்டியிட்டு உள்ளங்கையை ஊன்றினாள். ஒரு பிசிறு தோலைக் கிழித்தது. மாதேஷின் காலில் வெள்ளைச் சாக்ஸ். அடிப்பாகம் துவைத்துக் காயப்போட்டது போலச் சுத்தமாக இருந்தது.

வளவன் பழம்பொருள் வியாபாரி. கூப்பிட்டதும் ஷூக்காலோடு தடதடவென்று டேங்குக்குள் ஏறிவந்தவன், பிணத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கார்ல ஏசி போட்டுத் தூங்கிட்டேன் மேடம். டேங்கை வாங்கலாம்னு வந்தேன். சார்தான் வேண்டாம்னாரு."

"ஏன்?"

"இது சண்டையையே பார்க்கலையாம். சிப்பாய்ங்க சுட்டுப் பழக நிறுத்திவெச்ச வண்டியாம். சண்டையில வண்டி திரும்பும், அடி நாலு பக்கமும் விழும், இது நின்ன எடத்துலயே நின்னு வாங்கியிருக்குன்னாரு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி அர்த்தநாரிகிட்டச் சொல்லிடணும்னாரு."

தேவிப்ரியா வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் செங்கோடனை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அர்த்தநாரியை ஜீப்பில் ஏறச் சொன்னாள். அவர் செருப்பைத் தரையில் கழற்றி, குனிந்து கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

"போட்டுக்கிட்டே ஏறுங்க," என்றார் ஏட்டு.

"பழக்கமுங்க. எந்த வண்டியிலயும் செருப்புக்காலோட ஏறுனதில்லீங்க."

ஓட்ட உட்கார்ந்திருந்த தேவிப்ரியா ஜீப் சாவியைத் திருகி அணைத்தாள்.

"மாதேஷ் டேங்குல ஏறுறதப் பார்த்தேன்னீங்க. அவர் ஏறவே இல்ல. ஏறியிருந்தா அந்தப் பிசிறுல சாக்ஸ் கிழிஞ்சிருக்கும், கால் ரத்தமாகியிருக்கும். கதவுகிட்ட நின்னவரை, செங்கோடன் போட்டுட்டுப் போன சுத்தியலால பின்னாலருந்து அடிச்சிருக்காங்க. பாதி உடம்பு உள்ள சாஞ்சிருக்கு. வெளியே தொங்கின காலைத் தூக்கி உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி, கொன்னவரு மாதேஷோட ஷூவைக் கழட்டியிருக்காரு."

"யாரு வேணாலும் கழட்டலாமுங்க."

"வளவன் ஷூவோட இப்ப ஏறி வந்தான். செங்கோடன் வெல்டர். நெருப்புப் பொறியிலயும் பிசிறுலயும் நிக்கிறவன் வெறுங்காலோட ஏறுறதை நெனச்சே பார்க்கமாட்டான். வண்டியைக் கோயிலா நெனக்கிற ஆள் அந்த நேரம் இங்க ஒருத்தர்தான்."

அர்த்தநாரியின் கை சீட்டுக்கு அடியில் போனதை ஏட்டு கவனிக்கவில்லை. வீல் ஸ்பானர் ஏட்டின் முகத்தில் இறங்கியது. மூக்கெலும்பு முறியும் சத்தம் கேட்டது. அடுத்த அடி தேவிப்ரியாவின் தோளில். வலது கை மரத்துப்போக, இடது முழங்கையால் அர்த்தநாரியின் தொண்டையில் இடித்தாள். வெளியே சரிந்தவரின் முதுகில் முட்டியை ஊன்றி விலங்கு மாட்டினாள். செங்கோடனை அடித்த அதே ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் மேலும் வழக்கு உண்டு என்று அவள் சொன்னதும் கூட்டம் கரைந்தது.

"எங்க தாத்தன் உக்காந்த வண்டின்னு தெனமும் சூடம் காட்டுனேனுங்க," என்றார் அர்த்தநாரி, மண் ஒட்டிய வாயால். "பொணமே ஆனாலும் பூட்ஸோட எப்படீங்க ஏத்தறது? இது சண்டைக்கே போவலன்னான். ஊரு சிரிக்குமுங்களே."

ராசாத்திக்குப் போனில் சேதி சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. "அவருகிட்டச் சொல்லீட்டு வாரேனுங்க," என்று வைத்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு மாதேஷின் மனைவி ஸ்ரீதேவி வந்தாள். அர்த்தநாரியைப் பார்க்க வேண்டும் என்றாள். தேவிப்ரியா தடுக்கவில்லை.

"அவர் உங்ககிட்ட முழுசாச் சொன்னாரா?"

அர்த்தநாரி நிமிர்ந்தார்.

"உங்க தாத்தா பர்மாவுக்குப் போனது நிஜம். ஆனா டேங்க் ஓட்டல, லாரி ஓட்டினாரு. குண்டு விழுற ரோட்டுல திரும்பத் திரும்பப் போயி, காயம்பட்டவங்களை ஏத்திக்கிட்டு வந்திருக்காரு. அதைக் கண்டுபிடிச்சதுலருந்து எங்க வீட்டுக்காரருக்குக் கால் தரையில படல. டேங்கை எடுத்துட்டு ஒரு லாரியை நிறுத்தச் சொல்லணும், அவரு குடும்பமே லாரிக் குடும்பமாச்சே, எவ்வளவு பெருமைப்படுவாருன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."

அர்த்தநாரி எழுந்து கம்பியைப் பிடித்தார். "அத எங்கிட்டச் சொல்லலீங்களே அம்மா."

"சொல்ல விட்டீங்களா?" என்றாள் ஸ்ரீதேவி.