சங்கரலிங்கத்தின் கைகள்

தென்காசி மலையடிவாரத்திலிருந்து தினமும் காலையில் கிளம்பும் பன்னிரண்டு சிறகூர்திகளையும் முப்பிடாதியின் கைகள்தான் ஓட்டின. நிலையத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று சக்கர வண்டி, முதுகில் ஒரு விசிறி, தலைக்கு மேலே வளைந்த துணிச்சிறகு. மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு மருந்து ஏறுவதும் ரத்த மாதிரிகள் இறங்குவதும் இவற்றில்தான். ஓட்டுபவர் மாட்டிக்கொள்ளும் பட்டறிவுக் கையுறை, அவருக்கு வானத்தில் நேரும் தவறையும் அதிலிருந்து அவர் கைகள் மீண்ட விதத்தையும் பதிந்துகொள்ளும். மறுநாள் அது எல்லாக் கையுறைகளுக்கும் போய்விடும். அதே ஆபத்து இன்னொருவருக்கு வந்தால், அவர் யோசிப்பதற்குள் கையுறை இறுகி விரல்களை நடத்திவிடும்.

ஆரம்ப காலத்தில் அதிகம் விழுந்தவள் முப்பிடாதி. வாழைத்தோப்பில், உடைமுள் காட்டில், ஒருமுறை சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்த கல்யாணப் பந்தலின் மேல். கையுறையிலிருந்த அறுபது பாடங்களில் நாற்பத்தொன்று அவளுடையவை. முதல் பாடமே அவளுடையதுதான். காற்று உலுக்கினால் இரண்டு கைக்கயிறுகளையும் மார்பு வரை இழுக்க வேண்டும், சிறகு மடியாது. ஒன்பது வருடமாக யாரும் விழவில்லை.

பழைய சிறகுகள் நைந்துபோக, ஆனி மாதம் புதுத் துணி வந்தது. சாரலும் வந்தது. இரண்டே வாரத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். இசக்கியப்பனுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

நிலைய அதிகாரி ரஹ்மத்நிஷா முப்பிடாதியைக் கூப்பிட்டுப் பதிவுகளைக் காட்டினாள்.

"புதுத் துணி நனைஞ்சா சிறகு முன்னால போகமாட்டேங்குதுக்கா. அப்படியே கீழ இறங்குது. வண்டி ஆடுதுன்னதும் கையுறை உங்க முதல் பாடத்த எடுத்து கயித்த இழுக்குது. இழுக்க இழுக்க இன்னும் வேகமா இறங்குது."

"அப்போ கயித்த விடணும்."

"விட்டா சரியாயிடும்னுதான் நினைக்கிறேன். ஆனா கையுறைக்கு வாயால சொல்லித் தர முடியாது. ஏதாவது ஒரு கை நிஜமாவே விட்டு மீண்டு வரணும். விழுந்த ரெண்டு பேர் கையும் தரை வரைக்கும் இழுத்துக்கிட்டேதான் இருந்திருக்கு."

இசக்கியப்பனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. அவனை இழுத்துப் போட்டது தன் கை என்றே தோன்றியது. மறுநாளே, இறுக்கும் விசையை அணைத்துவிட்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, குளத்துக்கு மேலே பறந்தாள். தூறலில் துணி நனைந்தது. சிறகின் இரைச்சல் அடங்கி வண்டி ஆடியது. விடு, விடு என்று மனசு சொல்லச் சொல்ல, இரண்டு கைகளும் மார்பு வரை வந்து நின்றன. காப்புக்குடையை விரித்துக் குளத்தில் விழுந்து, ஆகாயத்தாமரையோடு கரையேறினாள்.

சாயங்காலம் அவள் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார் அவள் கணவர் சங்கரலிங்கம். நிலையத்தில் சிறகுகளைத் தைப்பவர் அவர்தான். துணி எத்தனை உயரம் போகிறதோ, அத்தனைக்கு அவர் தரையை விட்டு நகராதவர். மொட்டைமாடியில் துணி காயப்போடக்கூட ஏறமாட்டார்.

"நாளைக்கு இன்னொரு தடவ பாக்கேன்," என்றாள்.

"உன் கை கேக்காது. நீ பேச்சுக் கேட்டாலும் அது கேக்காது." இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றினார். "ஒண்ணும் தெரியாத கை ஒண்ணு வேணும், அவ்வளவுதான? ரெண்டு இருக்கு எங்கிட்ட."

"வேண்டாம். உங்களுக்கு ஏணியில ஏறினாலே வேர்க்கும்."

"நீ பின்னால உக்காரு. குடைய நீ வச்சுக்கோ. தைச்சது நான்தான, கிழியாது."

ரஹ்மத்நிஷா இரண்டு நாள் மறுத்தாள். மலைமேல் இன்சுலின் தீர்ந்துவிட்டது என்று போன் வந்த பிறகு, உயிர்க்கவச உடையை இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு, படகையும் குளத்தில் நிறுத்திவிட்டுச் சரி என்றாள்.

மேலே ஏறும் வரை பின்னிருக்கையிலிருந்து முப்பிடாதிதான் ஓட்டினாள். பிறகு, இறுக்கும் விசையை அணைத்த கையுறை மாட்டியிருந்த அவர் கையில் கயிறுகளைக் கொடுத்தாள். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல அவற்றைப் பிடித்துக்கொண்டார். கீழே பார்க்கவே இல்லை. தூறல் பிடித்தது. இரைச்சல் அடங்கியது. வண்டி நேர்கீழாக இறங்க ஆரம்பித்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிச் செய்தால் பாடமாகாது. குடையின் பிடியில் விரலை மாட்டிக்கொண்டாள்.

அப்போது சங்கரலிங்கம் கயிறு, வண்டி, பாடம் எல்லாவற்றையும் மறந்தார். இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, வார்ப்பட்டைக்குள் உடம்பைத் திருகிப் பின்னால் நீட்டி, அவள் முழங்கைகளைப் பிடித்தார்.

"ஏட்டி, நீ இருக்கியா?"

"இருக்கேன்."

தலைக்கு மேலே துணி படபடத்துக் காற்றை வாங்கியது. சிறகு முன்னால் பாய்ந்தது. அவள் எட்டிக் கயிறுகளைப் பிடித்து, கரையோரப் பொட்டலில் இறக்கினாள். இறங்கிய பிறகும் அவர் கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது.

அறுபத்தொன்றாவது பாடம் மறுநாள் எல்லாக் கையுறைகளுக்கும் போனது. அந்த வாரமே சாரலில் மூன்று சிறகுகள் துவண்டன. மூன்று பேரின் கைகளும் கயிற்றை விட்டன, மூன்றும் மீண்டன. ஆனால் விட்ட கைகள் சும்மா இருக்கவில்லை. பின்னால் போய்த் தேடின.

"மருந்துப் பெட்டியக் கட்டிப்பிடிச்சிட்டு வாரேன்க்கா," என்றான் மூவரில் ஒருவனான பேச்சிமுத்து. முப்பது வயது, தனிக்கட்டை. "இறங்கினதும் யாராவது 'இருக்கேன்'னு சொன்னா தேவலைன்னு இருக்கு. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு வருசமாச்சு பேசி."

ரஹ்மத்நிஷா பாடத்திலிருந்து அந்தத் தேடலை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தாள். வெட்டியதும், விடுவதும் சேர்ந்து மறைந்துவிட்டது.

"அவர் கயித்த விடணும்னு விடலக்கா. உங்களப் பிடிக்கத்தான் விட்டிருக்கார். ரெண்டும் ஒரே அசைவு."

வேறு வழியில்லாமல், தேடும் கைகளுக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று அவள் ஓர் ஆணை போட்டாள். இனி யாரும் தனியாகப் பறக்கக் கூடாது. சுமை பாதியாகக் குறைந்தது, நடை இரட்டிப்பானது. விழுவதைத் தடுக்க வந்த கையுறை, துணைக்கு ஆள் கேட்கிறது என்று மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆணை நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள், முப்பிடாதி கடைசியாகத் தனியே போனாள். குன்றைத் தாண்டும்போது தூறல். சிறகு துவண்டது. கையுறை இறுகியது. தன் பாடங்கள் நாற்பத்தொன்றும் ஊறிய கைகள் கயிற்றை விட்டுப் பின்னால் போய்ப் பெட்டியின் ஈர மூடியைத் தொட்டன. சிறகு மீண்டுவிட்டது. கைகள் உடனே திரும்பவில்லை.

மலைமேல் இறங்கியதும் போன் போட்டாள்.

"தையல் வேலைய நேரத்தோட முடிச்சு வையுங்க. நாளையிலிருந்து நீங்க என்கூட வரணும்."

"எனக்கு உசரம் ஆகாதுன்னு தெரியும்ல."

"கண்ண மூடிக்கிடுங்க. கைய மட்டும் எட்டுற தூரத்துல வச்சுக்கிட்டாப் போதும்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.