படம் நிற்கும் இடம்

பெங்களூர் மர்பி டவுன் வீட்டுப் பூட்டு முதல் திருப்பிலேயே திறந்துகொண்டது. கணவர் ஜெயவேலு இறந்த பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் சங்கமித்ராவோடு இருந்த மலர், மழை ஓய்ந்ததும் தனியாகத் திரும்பி வந்திருந்தாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈரப் புழுக்கத்தோடு, அவர் மார்பில் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலத்தின் வாடையும் போய்விடும் என்று நினைத்தாள்.

புழுக்கம் போனது. தைலம் போகவில்லை.

"வீட்டப் பெருக்கித் தொடச்சிட்டு வரேன்" என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் சிரிப்பாள். மலருக்கு ஒரு படத்தை, ஒரே ஒரு படத்தை, முடிவுவரை பார்க்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்த ஜெயவேலுவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரே பிரியம், பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்கள். மகள் வாங்கித் தந்த டேப்லெட்டில், யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த மங்கிய படங்கள். பனி மூடிய கிராமம், பெரிய மாளிகை, கம்பளத்தில் பிணம். மதியம் சாப்பிட்டு முடித்ததும் மலரும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். துப்பறிபவர் எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டும் இடம் வந்ததும், கைத்தடியால் தரையில் தொம்மென்று ஒரு தட்டு. படம் நிற்கும்.

"சொல்லு. யாரு?"

அவள் ஒரு பெயரைச் சொல்வாள். தப்பாக இருக்கும். அவர் சிரிப்பார். சுரங்கத் தூசி அடைந்த நெஞ்சு. சிரிப்பு இருமலில்தான் போய் முடியும். "உன் மண்டைக்குள்ள இருக்கறது மூளையில்லடி, மைன்ஸ் மண்ணு" என்பார். கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டு டேப்லெட்டை மூடிவிடுவார். "அதான் தெரிஞ்சிபோச்சில்ல, இன்னும் இன்னாத்துக்குப் பாக்கணும்?"

அந்தப் படத்தை அவர் காலையிலேயே தனியாகப் பார்த்து முடித்திருப்பார். சமையலறைவரை அதே இசை கேட்டிருக்கும்.

ஆரம்பத்தில் ஒருமுறை மலர் சரியாகச் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு வாரக்கணக்கில் பேச்சே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பதில் பேசியிருக்கலாம். அந்த மௌனத்துக்குப் பதில் எதுவும் இல்லை. அதிலிருந்து அவள் தப்பாகவே சொன்னாள். பாதிப் படத்திலேயே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பயந்தவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியான பெயரை உள்ளே வைத்துக்கொண்டு வேறொரு பெயரை வாயால் சொன்னாள். அதை ஊரும் உறவும் நல்ல தாம்பத்யம் என்றார்கள்.

இன்று அவர் நாற்காலி காலி. மலர் டீ போட்டுக்கொண்டு வந்து டேப்லெட்டைத் திறந்தாள். மாளிகைக்காரர் விஷத்தில் செத்துக் கிடந்தார். தோட்டக்காரனைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். செத்தவருக்குத் தினமும் மருந்து கொடுத்த தங்கை, அழாமல் திரைச்சீலையைச் சரி செய்ததைப் பார்த்தாள். இவள்தான் என்று மனம் சொன்னது.

தரைக்கடியில் தொம்மென்று ஒரு சத்தம்.

மலரின் கை தானாகப் போய் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டது. தங்கவயலில் வளர்ந்த கை. பூமிக்குள் பாறை வெடித்தால் வீடு குலுங்கும். ஓடக் கூடாது, நகரும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர வேண்டும். அப்படித்தான் இப்போதும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் ஒரே அறையில் கூடினார்கள். துப்பறிபவர் வாயைத் திறந்தார்.

படம் நின்றது.

மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"நெட் போயிருக்கும்மா. ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன்டி. பாட்டெல்லாம் ஓடுது. இது மட்டும் நிக்குது."

"நீயும் அப்பா மாதிரியே படுத்த ஆரம்பிச்சிட்டியா? வேற படம் பாரேன்."

வேறு படம் போட்டாள். எல்லோரும் அறையில் கூடும் நேரம், மறுபடியும் அடியில் அந்தச் சத்தம். மறுபடியும் கை டம்ளருக்குப் போனது. படம் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மர்பி டவுனுக்கு அடியில் சுரங்கம் கிடையாது.

தைல வாடை காதருகே வந்து நின்றது. வெளியே நல்ல வெயில். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் விலை கூவிக்கொண்டிருந்தார். மலர் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் படத்தையே மறுபடி எடுத்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. இத்தனை காலம் சொன்ன பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அந்தத் தங்கச்சிக்காரிதான்" என்றாள். "எனக்கு எப்பவும் தெரியும். எல்லாத்துலயும் தெரியும்."

சிரிப்பு இல்லை. இருமல் இல்லை. டேப்லெட் மெல்ல இருண்டது. வண்டிக்காரரின் குரல்கூட நின்றுபோனது போல் இருந்தது. அந்த மௌனத்தை மலர் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அதோடு வாரக்கணக்கில் குடித்தனம் செய்தவள் அவள்.

பொழுது சாயும் முன்பே பஸ் ஏறிவிட்டாள்.

அந்த ஞாயிறு மதியம், எலெக்ட்ரானிக் சிட்டியில், சங்கமித்ரா பெரிய டிவியில் அதே படத்தைப் போட்டாள். "வாம்மா, உன் மர்டர முடிச்சிடுவோம். இங்க நெட் சூப்பரா இருக்கும்." சோபாவில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஒற்றை நாற்காலி காலியாக இருந்தது.

எல்லோரும் அறையில் கூடினார்கள்.

தொம்.

"கீழ் வீட்ல இன்னாமோ இடிக்கறாங்க போல" என்றாள் சங்கமித்ரா. படம் நின்றிருந்தது. "ச்சே!" ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

மலர் டம்ளரைப் பிடித்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த மௌனம் இந்த வீட்டுக்குள்ளும் வந்து உட்கார வேண்டாம்.

"அந்தத் தோட்டக்காரன்தான்" என்றாள்.

"ஐயோ அம்மா, அவனா! அவன் பாவம்மா..." சங்கமித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

அது ஒற்றை நாற்காலியிலிருந்து இன்னும் கொஞ்சம் நீண்டு, இருமலில் போய் முடிந்தது.

சங்கமித்ராவின் விரல்கள் அம்மாவின் கையை இறுக்கின. "அம்மா... யாரு சிரிச்சது?"

இதற்கும் மலருக்குச் சரியான விடை தெரியும்.

"தெரியலயேம்மா" என்றாள்.

டிவி அணைந்தது.