கொடிமலை சுடுமா?

மார்த்தாவுக்கு எல்லாம் வரும். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல மட்டும் வராது. பத்து வயதில் அது ஒரு பெரிய வியாதி.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கொல்லையில் களிமண்ணால் மலை செய்தாள். உச்சியில் ஒரு காலிப் பால் டின்னைப் புதைத்தாள். அதில் ஆப்பச் சோடாவும் செங்கல் பொடியும் போட்டு, ஊறுகாய்க்கு அம்மா வைத்திருந்த புளிக்காடியை ஊற்றினாள். புஸ்ஸென்று சிவப்பு நுரை பொங்கி வழிந்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எரிமலை இப்படித்தான் பொங்கும். உள்ளே பூரா நெருப்பு" என்றாள் மார்த்தா.

பக்கத்து வீட்டு பஷீருக்கு ஐந்து வயது. "எல்லா மலையிலயும் நெருப்பு இருக்குமா அக்கா?" என்று கேட்டான்.

அது அவளுக்குத் தெரியாது. "இருக்கும்லா" என்றாள்.

"நம்ம கொடிமலையிலயும்?"

"பின்னே?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது பக்கத்து வீட்டு நிம்மதி.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் அந்த வீட்டில் ஒரே அழுகை. மார்த்தா ஓடிப் போய்ப் பார்த்தாள். பஷீரின் அத்தா ஹபீப் முகம்மது, கொடிமலை ஏறும் ரயிலில் வேலை பார்க்கிறவர். அவருடைய சைக்கிள் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஷீர் தரையில் கிடந்தான்.

"போகாதீங்க அத்தா. மலை வெடிச்சிரும்."

"நேத்தும் அழுதழுது காய்ச்சலே வந்திருச்சு. அதனால இவங்க வேலைக்குப் போகல" என்றார் அவன் அம்மா ஆசியா பீவி. "இன்னைக்கும் போகலேன்னா ரயில்வே துரை வேலையிலிருந்து பேரை வெட்டிருவாராம். யாரு இவன்கிட்ட இப்படிச் சொன்னதுன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறான்."

பொடியன் மார்த்தாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன் மாமா. தெரியாமலே சொல்லிட்டேன்."

ஹபீப் முகம்மது அவளைத் திட்டவில்லை. "சொன்ன வாயாலேயே இல்லேன்னும் சொல்லும்மா. நேரமாகுது" என்றார்.

"பஷீரு, நம்ம மலையில நெருப்பு இல்லடா."

"அன்னைக்கு இருக்குன்னீங்க."

அவன் சக்கரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மார்த்தா தெருவைப் பார்த்தாள். வெயிலில் ஆளில்லாமல் நின்றது தெருக்குழாய். அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"அடுப்பு மேல வச்ச தண்ணி எப்படி இருக்கும்?"

"சுடும்."

"இந்தக் குழாய்த் தண்ணி கொடிமலை அருவியில இருந்து வருது. மலைக்குள்ள நெருப்பு இருந்தா இதுவும் சுடணும்ல? வா, தொட்டுப் பாரு."

பஷீர் மெதுவாக எழுந்து வந்தான். மார்த்தா குழாயைத் திறந்தாள். அவன் கையை நீட்டினான். உடனே இழுத்துக்கொண்டான்.

"சுடுது அக்கா."

மார்த்தாவுக்கு உயிரே போய்விட்டது. அவளும் தொட்டாள். ஐயோ, நிஜமாகவே சுட்டது. பஷீர் திரும்பவும் சைக்கிளைப் பார்த்து ஓடினான்.

அவள் குழாயின் இரும்பில் கை வைத்தாள். அதுவும் சுட்டது.

"நில்லுடா. குழாய் வெயில்ல காஞ்சு கிடக்கு. மலைத் தண்ணி இன்னும் வந்து சேரல. மாமி, ஒரு குடம் கொடுங்க."

குடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. ஹபீப் முகம்மதுகூடக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போ தொடு."

பஷீர் ஒரு விரலை நீட்டினான். பிறகு கையை நீட்டினான். பிறகு தலையையே குழாய்க்கடியில் கொண்டுபோய் வைத்தான்.

"சில்லுன்னு இருக்கு" என்று சிரித்தான்.

அப்பாடா! மார்த்தா குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹபீப் முகம்மது சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

"அக்கா, கடலுக்கு அடியில என்ன இருக்கு?" என்றான் பஷீர், தலையில் தண்ணீர் சொட்ட.

மார்த்தா வாயைத் திறந்தாள். மூடினாள். "தெரியாதுடா" என்றாள். சொல்லிப் பார்த்தால் அது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

அன்றுமுதல் தினமும் மத்தியானம் பஷீர் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பார்ப்பான். ஹபீப் முகம்மது சைக்கிளோடு காத்து நிற்பார்.

"சில்லுன்னுதான் இருக்கு அத்தா. போயிட்டு வாங்க."