புதுமைமானியும் நூற்றெண்பத்துமூன்றாவது வீடும்

புதுமைமானியின் முள் இருபத்திரண்டு வருடங்களாகச் சுழியை விட்டு நகரவில்லை. பெட்டியில் பழுதில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழ் வேறு வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். காய்ச்சல் இறங்குவது, மழை பெய்வது, மனிதன் பொய் சொல்வது எல்லாம் அப்படித்தான் என்பது அந்தப் பெட்டியின் கருத்து. எது எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்குத் தெரியும். எங்காவது தண்ணீர் மேட்டில் ஏறினால், அதாவது கோயிலில் புதுமை என்று சொல்கிற அற்புதம் நடந்தால் மட்டும், முள் அசையும். நோய் குணமானவரின் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்தால், நடந்து முடிந்ததைப் பின்னோக்கி மோப்பம் பிடித்து, காரணத்தைச் சீட்டில் அடித்துக் கொடுத்துவிடும். மறைமாவட்டங்கள் ஆளுக்கொரு பெட்டி வாங்கின. அதன் பிறகு ஒரு புனிதர்கூட உருவாகவில்லை. திருத்தலங்களில் மெழுகுதிரி விற்றவர்கள் பிறந்தநாள் மெழுகுதிரிக்கு மாறிக்கொண்டார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் ஆயர் இல்லத்தின் புதுமை ஆய்வாளர் இன்னாசி மிராந்தா. தனிக்கட்டை. நான்கு தெரு தள்ளி அண்ணன் சந்தியாகு இருந்தார். அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டதால், பதினான்கு வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. இன்னாசிக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். ஓய்வு பெறுவதற்குள் அந்த முள் அசைவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஓய்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பார்க்க வேண்டிய வழக்கும் ஒன்றுதான் பாக்கி: சங்குமுனை தெக்லா.

சங்குமுனை நூற்றெண்பத்துமூன்று வீடுகள் கொண்ட கடற்கரை ஊர். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த தொம்மை சாமியார், புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் ஆக ஒரு புதுமை குறைந்தது. மூன்று வருடம் முழங்கால் மடங்காமல் கிடந்த தெக்லா, அவர் கல்லறைக்கு முன்னால் அழுதுவிட்டு எழுந்து நடந்தாள். ஊரே பார்த்தது.

பங்களா மேசையில் பெட்டியை வைத்தார் இன்னாசி. பங்குச்சாமியார் வீட்டை அந்த ஊரில் பங்களா என்பார்கள், ஓட்டு வீடுதான். அரை மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. சீட்டு வந்தது. 'விலகல்: சுழி. காரணம்: அழுந்தியிருந்த நரம்பு தானாக விடுபட்டது.'

"அப்போ நான் நடக்கலியாய்யா?" என்றாள் தெக்லா.

"நடக்கிறீங்கம்மா. இயற்கையா நடக்கிறீங்க."

"ஆண்டவரு இயற்கைக்குள்ள வரப்புடாதுன்னு எவன் சொன்னான்?"

இன்னாசி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்.

அடுத்த சிக்கல் சோறு. அந்த ஊர் வழக்கப்படி, புதுமை பெற்றவர் நேர்ச்சைச் சோறு போட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் நேர்ச்சை நிறைவேறாது. வலியில் கிடந்தபோது, "ஒரு வீடு விடாமப் போடுறேன் சாமி" என்று தெக்லா வேண்டிக்கொண்டாள். வலியில் இருப்பவர்கள் வீடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று காலையிலிருந்து நூற்றெண்பத்திரண்டு வீட்டுக்கும் சோறும் மீன்குழம்பும் போய்விட்டன. கடைசி வீடு ரெமிஜியுஸுடையது.

ரெமிஜியுஸ் முன்பு தானோட்டிப் படகுகளைக் கரையிலிருந்து கண்காணிக்கிற வேலையில் இருந்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். படகு கட்டுமரத்தின் மேல் ஏறியது. கட்டுமரத்தில் இருந்தவன் தெக்லாவின் ஒரே மகன் கஸ்பார். தண்டனை முடிந்து ரெமிஜியுஸ் திரும்பிவந்தபோது ஊர் அவனை விரட்டவில்லை. பேசவும் இல்லை. கோயிலில்கூடக் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பூசை பார்ப்பான்.

பங்குச்சாமியார் நல்ல மனிதர். தெக்லாவைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது அவருக்கு.

"தெக்லாம்மா, புதுமையே இல்லன்னு பெட்டி சொல்லிட்டு. அப்போ நேர்ச்சையும் கிடையாது. அந்த வீட்டுக்கு நீங்க குடுக்கணும்னு கட்டாயம் இல்ல."

தெக்லாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். உட்கார்ந்தாள். வெற்றிலை போட்டாள். இன்னாசிக்கு இலை போட்டுப் பக்கத்திலிருந்து பரிமாறினாள். பிறகு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்த சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க?" என்றார் சாமியார்.

"ரெமிஜி வீட்டுக்கு."

"அதான் நேர்ச்சை இல்லன்னு சொன்னேனே."

"நேர்ச்சன்னா யார்கிட்டயாவது குடுத்து விட்ருப்பேன் சாமி. இப்பத்தான் யாரும் போகச் சொல்லலியே."

போய்விட்டாள். சூடு தணியாமல் பெட்டியை அணைக்கக் கூடாது என்பது விதி. அது மேசைமேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரத்தில் நடப்பது எதுவானாலும் ஊர் எல்லைவரை அதற்கு மோப்பம் உண்டு.

ரெமிஜியுஸ் வீட்டில் நடந்ததை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொன்னார்கள். வாசலில் நின்று, "ஏல ரெமிஜி, ஏனம் எடுத்துட்டு வா" என்றாள் தெக்லா. அவன் பதறியடித்து, பாத்திரத்துக்குப் பதில் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மூடியிலயால கொளம்பு ஊத்துவாக? எங் கஸ்பாரும் இப்படித்தான், எதச் சொன்னாலும் எதையாவது தூக்கிட்டு வருவான்."

அவன் மூடியைக் கீழே வைத்தான். பிறகு அவளே உள்ளே போய்த் தட்டைத் தேடி எடுத்து, சோறு போட்டு, அவன் தின்று முடிக்கும்வரை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். பதற்றத்தில் மீனின் முள் பார்க்காமல் தின்றவனுக்கு முள் எடுத்தும் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் பங்களாவில் புதுமைமானியின் முள் ஒன்பதைத் தொட்டு, மெல்லத் திரும்பி வந்தது. சாமியார் பார்த்தார். சமையல்காரர் பார்த்தார். பூனையும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இன்னாசி மிராந்தா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஓடி வந்தவருக்குச் சீட்டு மட்டும்தான் கிடைத்தது. 'விலகல்: ஒன்பது. காரணம்: காணப்படவில்லை.' இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெட்டி காரணம் தெரியாமல் விழித்தது அன்றைக்குத்தான்.

ஆயர் இல்லத்தின் குழு மூன்று நாள் கூடி முடிவெடுத்தது. முழங்கால் தொம்மை சாமியாருடையது, ஆனால் அது இயற்கை. சோறு புதுமை, ஆனால் அது தொம்மை சாமியாருடையது அல்ல. கோப்பு மூடப்பட்டது. தெக்லாவிடம் இதைச் சொன்னபோது, "காலு எதுக்குக் கெடச்சிச்சின்னு எனக்குத் தெரியும், போங்கய்யா" என்றாள்.

செய்தி வெளியே பரவியது. பெட்டியை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பந்தல் போட்டு, மாலை மாற்றி, ஜென்மப் பகையாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முள் அசையவில்லை. மன்னிப்பதற்கு ஆள் போதாமல் சிலர் புதிதாகச் சண்டை பிடித்தார்கள். சங்குமுனையிலேயே திருவிழாச் சப்பரத்தின் வடத்தை யார் முதலில் பிடிப்பது என்று மண்டை உடைத்துக்கொண்டு, மறுநாளே பெட்டிக்கு முன்னால் சமாதானம் ஆனார்கள். சீட்டில் 'காரணம்: இந்தப் பெட்டி' என்று வந்தது.

பிறகு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், உட்கார வேண்டியவர் முதலில் பெட்டி இருக்கிறதா என்று இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர்களின் பைகள் சோதிக்கப்பட்டன.

இன்னாசி ஓய்வு பெறுகிற நாள் வந்தது. பெட்டியை மாலைக்குள் ஒப்படைத்தால் போதும். அவர் காலையிலேயே ஒப்படைத்துவிட்டார். வாங்கி வைத்தவர், "சாயங்காலம்வரை வச்சிருந்து பாத்திருக்கலாமே, மிராந்தா சார்" என்றார். "பாத்தது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான்கு தெரு.

கதவைத் திறந்த சந்தியாகு தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"பெட்டி எங்கல?"

"குடுத்துட்டேன், அண்ணே."

சந்தியாகு நம்பவில்லை. தம்பிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். சட்டையைத் தடவினார். பையை வாங்கிக் கவிழ்த்தார். நான்கு துண்டு சீலாக் கருவாடு விழுந்தது.

"பெறகு எதுக்குல வந்த?"

இன்னாசி யோசித்தார். சீட்டில் என்ன அடித்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

"சும்மாதான்."

சந்தியாகு குனிந்து கருவாட்டைப் பொறுக்கினார். ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"உப்பு பத்தல" என்றார். சொல்லிவிட்டு, கதவை விட்டு விலகி வழிவிட்டார்.