சட்டைப்பையில் இருந்த கண்ணாடி

அந்தக் கண் ஆஸ்பத்திரி ஒரு பழைய வீட்டில் நடந்தது. வெளியே புதுக்கோட்டை வெயில் கொளுத்தியது. உள்ளே உயரமான தூண்களுக்கு நடுவே கூடம் இருண்டு, பினாயில் வாடையோடு குளிர்ந்து கிடந்தது.

பிரகதீஸ்வரியைக் கீரமங்கலத்திலிருந்து பைக்கில் கூட்டிவந்திருந்தான் தமிழ்செல்வன். ஆவணியில் இருவருக்கும் கல்யாணம். அதற்குள் லேசர் வைத்து அவள் கண்ணாடியை ஒழித்துவிட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மூக்கில் தழும்பு. கண் விழித்ததும் தலையணையைச் சுற்றித் தடவாத ஒரு காலையாவது வேண்டும். ஆனாலும், கண்ணாயிற்றே என்று மனசு பின்வாங்கியது.

"இன்னைக்கு டெஸ்ட்டுதான? நான் மொதமொதப் பாத்த பொண்ணு நீ. ஒன்னய அப்புடி விட்டுருவேனா?" என்றான்.

நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, "அரை மணி நேரம் கண்ண மூடியிருங்க" என்றாள். பிரகதீஸ்வரி கழற்றிய கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போன் பேச வாசலுக்குப் போனான் தமிழ்செல்வன்.

கொஞ்ச நேரத்தில் ஈரப்புடவை வாடை அடித்தது.

கண்ணைத் திறந்தாள். தூண், நாற்காலி, மனிதர்கள் எல்லாமே கலங்கிய நிழல்கள்.

பக்கத்தில் இருந்தவள் மட்டும் தெளிவாகத் தெரிந்தாள்.

மஞ்சள் பட்டின் ஜரிகை இழை தெரிந்தது. காதோர மச்சம் தெரிந்தது. கழுத்தில் ஒட்டியிருந்த பச்சைப் பாசியும் தெரிந்தது.

"தமிழு கூட்டியாந்தாரா?" அவள் கிசுகிசுத்தாள்.

"நீங்க யாருங்க?"

"கண்ணாத்தா. இதே கூடத்துக்குத்தான் என்னையும் கூட்டியாந்தாரு. லேசரு ஒத்துவராதுன்னுட்டாங்க. நிச்சயத்தன்னைக்கு, சொந்தக்காரங்க முன்னாடி கண்ணாடி போடாதன்னு புடுங்கிக்கிட்டாரு. கை கழுவக் கொல்லைக்குப் போனேன். கெணத்துக்குச் செவரு இல்லைங்க."

பிரகதீஸ்வரியின் கை கண்ணாடியைத் தேடி மடியைத் தடவியது.

"கடேசி வரைக்கும் கண்ணாடி அவரு பையிலதான் இருந்துச்சு."

செருப்புச் சத்தம் நெருங்கியது. தமிழ்செல்வன். பிரகதீஸ்வரி எழுந்து தடுமாறி, அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டினாள். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

"கண்ணாத்தா யாருங்க?"

"தெரியாதே" என்றான். சட்டென்று முகம் வெளிறியது. "யாரு சொன்னா? எங்க அம்மாவா? எல்லாத்தயும் பேசி முடிச்சாச்சு, யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு..."

அப்பா மாப்பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தாரே, ஒருவரும் சொல்லவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பயத்தைவிட அந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

"லேசரு பண்ணணுமா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன். ஒங்களுக்காக இல்ல. கல்யாணமும் வேணாம்."

தனியாகப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள்.

பதினோராம் நாள் காலையில் தமிழ்செல்வன் போன் செய்தான்.

"பிரகதி, வச்சிராத. அவ எங்க வீட்டுலதான் இருக்கா, ஈரப்புடவை வாடை அடிக்குது. எனக்குத் தெரிய மாட்டேங்குறா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒனக்குத்தான் தெரிஞ்சிருக்கா. எங்க நிக்கிறான்னு நீ வந்து பாத்துச் சொல்லு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவன் மூச்சை ஒட்டியே, போனுக்குள், வேறொரு குரல் மெதுவாகச் சொன்னது:

"சொல்லாதீங்க."