கடைசிப் பலகை

திருத்தணி கடைத்தெருவில் இப்போது எல்லாமே கண்ணாடி முகப்புதான். தேவசுந்தரியம்மாவின் கட்டடம் மட்டும் பிடிவாதமாகப் பழைய கோலத்தில் நின்றது. நெற்றியில் சுண்ணாம்புப் பூவேலை, அதன் வெடிப்பில் ஓர் அரசங்கன்று, உள்ளே தேக்கு உத்தரம். கதவு கிடையாது. உயரமான பலகைகளை ஒவ்வொன்றாக வாசலில் வெட்டிய பள்ளத்தில் செருகித்தான் கடையை மூட வேண்டும். கூரையில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு ஒரு மர ஏணி. மேலே ஜன்னலில்லாத மச்சு.

அம்மையார்குப்பத்தில் தறியை விற்றுவிட்டுப் புடவைக்கடை வைக்க வந்த பிரகாஷ், சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ள கத்துனா வெளிய கேக்காது போல," என்று மனைவி ஷோபனாவிடம் சிரித்தான்.

தேவசுந்தரியம்மா சிரிக்கவில்லை.

"மூடறப்போ, கடைசிப் பலகைய போடறதுக்கு முன்னாடி உள்ள பாத்து ஒரு குரல் குடுங்க. 'யாருனா இருக்கீங்களா'ன்னு. மச்சுல சரக்கு எடுக்கப் போனவங்கள உள்ள வச்சி மூடிடக் கூடாது பாருங்க. எங்க மாமனார் காலத்துப் பழக்கம்."

"பதில் வந்தா?" என்றாள் ஷோபனா.

அந்தம்மா கழுத்துச் சிலுவையைத் தடவினாள். "வந்தா, போய்ப் பாக்கணும் இல்ல?"

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம். தெருவில் வெயில் கொளுத்தியது. சாப்பாட்டுக்குக் கிளம்பிய பிரகாஷ், கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்து, முதல் தடவையாக, விளையாட்டாகக் கூப்பிட்டான்.

"யாருனா இருக்கீங்களா?"

"ஆங்... இருக்கேன்."

வயதான ஆண் குரல். மச்சிலிருந்து.

ஷோபனா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் பாவா. பக்கத்துக் கடையில சொல்லலாம்."

"எவனோ குடிச்சிட்டு ஏறிப் படுத்துகினு இருக்கான். தோ, வந்துட்டேன்."

பலகையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இடுக்கு வழியே, ஏணியில் ஏறும் அவன் பாதங்களைப் பார்த்தாள். அடைத்து வைத்த ஈரத் துணியின் வாடை கீழே இறங்கி வந்தது.

ஏணி ஆடி நின்றது.

"பாவா?"

பலகையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

தெருவே திரண்டு மச்சில் ஏறி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூப்பிட்டு, பதில் கேட்டு ஏறுகிறவன்தான் அந்த மச்சுக்கு வேண்டும் போல. முதலில் ஏறியவர்கள், தூசியில் அவன் கால்தடம் நடுமச்சு வரை போய் அங்கேயே முடிந்திருந்ததாகச் சொன்னார்கள். பெண்டாட்டியை விட்டு ஓடிவிட்டான் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. ஊருக்கென்ன, ஏதாவது ஒரு முடிவு வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே தேவசுந்தரியம்மா வந்து, பலகை ஓரமாக நின்று, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஆங்... இருக்கேன்."

பிரகாஷின் குரல்.

உள்ளே பாய்ந்த ஷோபனாவை அந்தம்மா இறுக்கிப் பிடித்தாள். "ஏறாத. நீ ஏறுனா உன் குரல்தான் கேக்கும், அவன் வர மாட்டான். இத்தினி வருஷமா எங்க ஊட்டுக்காரர் அதுல கெடந்து பதில் சொல்லிகினு இருந்தாரு. இப்பத்தான் அவருக்கு விடுதலை." அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்.

"தெரிஞ்சேதான் எங்கள வச்சீங்களா?"

"நீயும் கேட்டுகினு இருந்து பாரு. அப்போ சொல்லு."

அவளை அங்கேயே அடித்துக் கொன்றிருக்கலாம். ஷோபனா பலகை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தேவசுந்தரியம்மா சாவியைக் கொடுத்து, கட்டடத்தை ஷோபனா பொறுப்பில் விட்டுவிட்டுச் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஷோபனா போகவில்லை. தினமும் கூப்பிட்டாள். தினமும் பதில் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வறண்டு. ஒருநாள் அந்தக் குரல் கூடவே, "தண்ணி..." என்றது. விடிந்ததும், கூப்பிடாமலே சொம்போடு ஏறினாள். மச்சு காலியாக இருந்தது. சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தபோது, ஒரு சொட்டும் குறையவில்லை.

அன்றைக்குத்தான் வாடகைக்கு என்று போர்டு எழுதினாள்.

செல்போன் கடை வைக்க ரூபஸ் என்ற புதுமாப்பிள்ளை வந்தான், மனைவியோடு.

"மேல இன்னாக்கா?"

"மச்சு. சரக்கு வச்சிக்கலாம்." ஷோபனா சாவியை நீட்டினாள். "மூடறப்போ மட்டும்... கடைசிப் பலகைய போடறதுக்கு முன்னாடி, உள்ள பாத்து ஒரு குரல் குடுங்க."

ரூபஸ் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"பதில் வந்தா?"

ஷோபனா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வந்தா, போய்ப் பாக்கணும் இல்ல?"

தலைக்கு மேலே தேக்கு முனகியது. யாரோ ஏணிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.