பெயர் இருந்த இடத்தில் நாலு கோடு

தெய்வம்மா தலையில் போட்டு வந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். குன்னூரில் நாலு நாளாக மழை விடவில்லை.

"உள்ள வாங்க. நனையாம உக்காருங்க," என்றார் ஜானகி.

வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காணாமல் போன கோப்பு, கையெழுத்து மாறிய கடிதம் என்று பலதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதனால் முட்டி வலியோடு முடங்கிக் கிடந்தாலும் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள்.

"எம்மவன் தங்கவேலு, ஊட்டி காலேஜுல மூணாவது வருசம் படிக்கிறாம்மா. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவன வெளிய அனுப்புறாங்களாம். அவன் செய்யலைங்கம்மா. செஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பான்."

"என்ன செஞ்சான்னு சொல்றாங்க?"

தெய்வம்மா முந்தானையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து முதல் ஆளாகக் கை நீட்டினார். பேப்பர் கடை வைத்திருப்பவர். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு ஜானகியோடு சுற்றுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டர், டெலிபோன் வழியாகச் சென்னை மையத்தோடு இணைந்திருந்தது. அதில் எழுதிப் போட்டால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் படிப்பார்கள், பதில் எழுதுவார்கள். பேராசிரியர் ஆறுமுகசாமிக்கு மட்டும்தான் அனுமதி. இளங்கலை மாணவர்கள் தொடவே கூடாது. எட்டு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, அவர் பெயரில் யாரோ புகுந்து, இலங்கையைப் பற்றிப் பேசும் குழுவில் இங்கிலீஷில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

நாச்சிமுத்து தமிழாக்கிப் படித்தார். "ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கீழ்ப்பிரிவில் இருந்த... இங்க வெறும் கோடுதானுங்க இருக்குது... என்பவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதவும். சொந்தக்காரர்கள் நீலகிரியில் காத்திருக்கிறார்கள்." அடியில் கனடாவிலிருந்து ஒரே ஒரு பதில். யாரைத் தேடுகிறீர்கள், பெயர் இல்லையே என்று கேட்டிருந்தது.

"ஏனுங்கக்கா, ஆளைத் தேடறவன் பேரை எழுதாம உடுவானுங்களா? மாட்டிக்குவோம்னு பயந்து மறைச்சிருக்கோணும்."

"அதத்தான் அந்தப் புரொபசர் சாரும் சொல்றாரு," என்றாள் தெய்வம்மா. "நாங்க இலங்கைய விட்டு இங்க வந்தப்ப, எந்தம்பி பரமசிவன் அதே தோட்டத்துல நின்னுபோயிட்டான். பாஸ்போர்ட்டு வந்துச்சு, அதுக்குள்ள அங்க சண்டை வந்து கப்பல் நின்னுபோச்சு. ஆறு வருசமா ஒரு கடுதாசி இல்ல. அந்த மிசின்ல மாமனப் பத்திக் கேக்கவான்னு எம்மவன் ரெண்டு தடவ கெஞ்சியிருக்கான். கூடாதுன்னுட்டாங்க."

ஜானகி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு சின்னக் கோடுகள். வரிகள் எல்லாம் ஒரே நீளத்தில் முடிந்திருந்தன. பத்திகள் ஐந்து எழுத்து தள்ளித் தொடங்கின.

"உங்க பையன் கம்ப்யூட்டர்ல எப்படி அடிப்பான்?"

"ரெண்டு வெரல்லதான். கோழி கொத்துற மாதிரின்னு கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்களாம்."

"நாச்சிமுத்து, நாளைக்கு முதல் பஸ்ஸுக்குப் போகணும்," என்றார் ஜானகி. சொல்லும்போதே முட்டியைத் தடவிக்கொண்டார்.

*

கல்லூரி அலுவலகத்தில் ரோஸ்மேரி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது; டைப்பிஸ்ட்தான் என்றாலும் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். கண் சிவந்திருந்தது.

"கும்பிடறேனுங்க டீச்சர்! ரிப்பன் தீரலியே?" என்றார் நாச்சிமுத்து. ஜானகியிடம் திரும்பி, "நம்ம கடை ரிப்பன்தானுங்க. கம்ப்யூட்டர் வந்தும் இவிய அந்தப் பக்கமே போறதில்லீங்க," என்றார்.

ஜானகி ரோஸ்மேரியைக் கவனித்துக்கொண்டிருந்தார். ரோஸ்மேரியின் கண்கள் இடது பக்கம் இருந்த கைப்பிரதியை விட்டு அசையவில்லை. விரல்கள் தாமாக ஓடின. ஒரு பெயர் வந்தது. பேக்ஸ்பேஸ் என்கிற பின்சாவியைப் பத்துத் தடவை தட்டினாள். பிறகு அதே இடத்தில் பத்துக் கோடு அடித்தாள். பெயருக்குக் கீழே அழகாக அடிக்கோடு விழுந்தது.

அது தங்கவேலுவை நீக்கும் இங்கிலீஷ் உத்தரவு. பிரின்ஸ்பால் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

"இதைக் கையில எடுத்துட்டு லேப் வரைக்கும் வர்றீங்களா?" என்றார் ஜானகி.

லேபில் ஆறுமுகசாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். தங்கவேலுவும் அவன் தாயும் சுவர் ஓரம். மூலையில் காத்தாயி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் லேபைத் திறந்து பெருக்குகிறவள் அவள்தான்.

"சார், உங்க பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

ஜானகி கீபோர்டைத் தூக்கினார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆறுமுகசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மறந்துபோயிருதுங்க, அதனால..."

"இருக்கட்டும். ரோஸ்மேரி, அந்த ஆர்டரையே இதுல அடிங்க. டைப்ரைட்டர்ல எப்படி அடிச்சீங்களோ அப்படியே."

ரோஸ்மேரி தயங்கினாள். பிறகு உட்கார்ந்தாள். கண் தாளில். விரல்கள் ஓடின. பெயரை அடித்தாள். பின்சாவி, பத்துத் தடவை. கோடு, பத்துத் தடவை. மேற்கொண்டு அடித்துக்கொண்டே போனாள்.

"அய்யய்யோ! பேரு போச்சுங்க!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

ரோஸ்மேரி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். தங்கவேலு என்ற பெயர் இல்லை. பத்துக் கோடு இருந்தது.

"டைப்ரைட்டர்ல பின்சாவி தட்டினா தாள் இருக்கிற வண்டி பின்னால போகும், எழுத்து அப்படியே இருக்கும்," என்றார் ஜானகி. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "இதுல எழுத்து அழிஞ்சுரும். கம்ப்யூட்டர் பழகின பையன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். சாவியவே பாத்துக் கொத்தறவன் வரியையும் இப்படி ஒரே நீளத்துல மடக்க மாட்டான். பேரை யாரும் மறைக்கலைங்க சார். ஆபீஸ் வழக்கப்படி மரியாதையா அடிக்கோடு போட்டிருக்காங்க. எத்தனை எழுத்து அழிஞ்சுதோ அத்தனை கோடு. பரமசிவனை இங்கிலீஷ்ல எழுதினா பதினோரு எழுத்து. செய்தியில நாலு கோடுதான் இருக்குது."

துடைக்கும் துணி வாளியில் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப அவம் பேரு போகவே இல்லையா?" என்றாள் காத்தாயி.

ரோஸ்மேரி முகத்தை மூடிக்கொண்டாள்.

"யாரு பேரும்மா?" என்று கேட்டார் ஜானகி.

"எம்மவன் ஆண்டி. நாங்களும் அதே கீழ்ப்பிரிவு லயத்து வீட்டுலதான் இருந்தோம். இந்தத் தம்பி சார்கிட்ட கெஞ்சினப்ப வாசல்ல நின்னு கேட்டேன். இந்தப் பொட்டி அங்க வரைக்கும் போகும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. டீச்சரம்மா கால்ல விழுந்து, சீட்டு ஒட்டியிருக்குற எடத்தக் காட்டி அடிச்சுத் தரச் சொன்னேன். ஒம்போது நாளா பதில் வருமுன்னு பாக்குறேன். பேரே இல்லாம போயிருக்கா?"

ஆண்டி. ஜானகி விரலில் எண்ணிப் பார்த்தார்; இங்கிலீஷில் நாலே எழுத்து.

"ஏங்க்கா, என் புள்ள படிப்பு போகப்போகுதே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் தெய்வம்மா.

காத்தாயி தலை குனிந்தாள். ரோஸ்மேரிதான் பேசினாள். "நான்தாங்க சொல்லியிருக்கணும். இன்னைக்குச் சொல்லிரலாம்னு இருந்தேன். நேத்தும் அப்படித்தான் இருந்தேன். வேலை போயிடும்னு பயம்."

ஆறுமுகசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று வயதாகிவிட்டவர் போல இருந்தார். "ரூல்னு ஒண்ணு இருக்குதுங்களே அம்மா."

"இருக்குதுங்க. பாஸ்வேர்டை ஒட்டி வெக்கக் கூடாதுன்னும் இருக்கும்."

அவர் கீபோர்டின் அடியிலிருந்த சீட்டைக் கிழித்துக் கசக்கினார். பிறகு ரோஸ்மேரியின் பக்கத்திலிருந்த உத்தரவை எடுத்து அதையும் கிழித்தார். "புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். என் கவனக்குறைவுன்னு சென்னைக்கு எழுதிக்கறேன். அவங்க என்ன பண்றாங்களோ பண்ணட்டும்."

"கனடாக்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்காருங்க சார்," என்றார் ஜானகி.

ஆறுமுகசாமி நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். "தங்கவேலு, இங்க வா. நான் சொல்றேன், நீ அடி. நான் சொல்லி அடிச்சா அது என் கடிதம்தான்."

தங்கவேலு இரண்டு விரல்களால் கொத்தத் தொடங்கினான். தெய்வம்மா பின்னால் வந்து நின்று, "மாமன் பேரும் சேத்துப் போடுடா," என்று மெதுவாகச் சொன்னாள்.

வெளியே நாச்சிமுத்து குடையை விரித்தார். "பதில் வருமுங்களாக்கா?"

"தெரியலீங்க," என்றார் ஜானகி. முட்டி வலித்தது. படியில் கால் வைக்காமல் ஒரு நிமிஷம் நின்றார்.

உள்ளே காத்தாயி, எழுத்துத் தெரியாதவள், ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"தம்பி, பேரு இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இருக்கும்மா," என்றான் தங்கவேலு. "அடிக்கோடு போடல."